கலிம்னோஸ்: கடலில் மூழ்கியவர்களின் மலை

தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் ஏறியவர்கள், பக்கவாட்டில் செங்குத்தாக நிற்கும் சாம்பல் நிறப் பாறைச் சுவரைக் கவனித்திருப்பீர்கள். அது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அரித்து அரித்துக் குகைகளையும், கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகளையும் உண்டாக்குகிறது. கிரேக்க நாட்டில், துருக்கிக் கரைக்கு அருகே, இதே வகைப் பாறையால் ஆன தீவு ஒன்று இருக்கிறது. பெயர் கலிம்னோஸ். பரப்பளவு ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர். வகுப்பில் உலகப் படத்தை விரித்தால் நம் சுண்டுவிரல் நுனி அதை மறைத்துவிடும்.

வெயிலுக்கும் நீலக் கடலுக்கும் குறைவில்லாத தீவு அது. குறைவானது மண்தான். வாத்தி என்னும் பள்ளத்தாக்கில் ஆரஞ்சு வகைப் பழமரங்கள் உண்டு. மற்ற இடமெல்லாம் பெரும்பாலும் கல்லும் ஆடு மேயும் முட்புதரும். பயிர் செய்ய வழியில்லாத மக்கள் கடலுக்குள் இறங்கினார்கள். அவர்கள் எடுத்தது மீனோ முத்தோ அல்ல, கடற்பஞ்சு. கடலடிப் பாறையில் ஒட்டி வளரும் ஒருவகை உயிர் அது. அதைப் பிடுங்கி, மிதித்து, கழுவி, உலர்த்தினால், குளிக்கவும் துடைக்கவும் உதவும் மென்மையான பஞ்சு கிடைக்கும். ஐரோப்பிய நகரங்களில் அதற்கு நல்ல விலை.

பழங்காலத்தில் மூழ்குபவர் ஒரு தட்டைக் கல்லைக் கையில் பிடித்து, அதன் பாரத்தால் அடியாழத்துக்குப் போவார். கல்லோடு ஒரு கயிறு. படகில் இருப்பவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குறிப்பறிந்து மேலே இழுப்பார். ஒரு மூச்சுதான் கணக்கு.

1860களில் செப்புத் தலைக்கவசமும் ரப்பர் பூசிய உடையும் ஏஜியன் கடலுக்கு வந்தன. படகிலிருந்து குழாய் வழியே காற்று அடிப்பார்கள். ஒரு மூச்சு என்ற கட்டுப்பாடு போனது. வெகு ஆழத்தில் வெகுநேரம் தங்க முடிந்தது. வருமானம் பெருகியது, பிணமும் பெருகியது. காரணத்தைச் சோடாப் போத்தல் கொண்டு விளக்கலாம். மூடியிருக்கும்வரை சோடாவில் காற்று தெரிவதில்லை. திறந்தவுடன் குமிழி பொங்குகிறது. அதுபோல, ஆழத்தின் அழுத்தத்தில் நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்துவிடும். மனிதன் சட்டென்று மேலே வந்தால் அது குமிழியாகி நரம்பைத் தாக்கும். கால் விழுந்துவிடும், சிலருக்கு உயிரே போய்விடும். பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் 1878-இல் இதை விளக்கினார். எவ்வளவு மெதுவாக மேலே வர வேண்டும் என்ற அட்டவணையை ஹால்டேன் 1908-இல் வெளியிட்டார். ஆனால் அட்டவணை படகுக்கு வந்து சேர்வது எளிதாக இருக்கவில்லை.

ஏன்? மூழ்குபவர் ஈஸ்டர் திருநாளுக்குப் பின் படகேறி, இலையுதிர் காலத்தில்தான் திரும்புவார். போகுமுன் குடும்பச் செலவுக்கு முன்பணம் வாங்கியிருப்பார். அந்தக் கடன் தீரும் அளவுக்குப் பஞ்சு எடுத்தாக வேண்டும். மெதுவாக மேலே வா என்று சொன்னால் யார் கேட்பார்? முன்பணம் என்றால் என்னவென்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கலிம்னோஸில் இன்றும் ஆடும் மிகானிகோஸ் என்ற நடனத்தில், வரிசையின் முதல்வர் கைத்தடி ஊன்றி, கால் நடுங்க நடுங்க ஆடுவார். கால் விழுந்த மூழ்குபவரின் நடை அது.

பிறகு செயற்கைப் பஞ்சு வந்தது. பால்மரத்துக்குச் செயற்கை ரப்பர் வந்த கதையை அறிந்த நமக்கு மீதி புரியும். பலர் ஊரை விட்டார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் தார்ப்பன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1905 முதலே கிரேக்க மூழ்குபவர்கள் குடியேறியிருந்தனர். 1950களில் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கும் கலிம்னோஸ் மக்கள் போனார்கள். எஞ்சியிருந்த தொழிலை 1986-இல் கடற்பஞ்சுகளைத் தாக்கிய நோய் ஏறக்குறைய முடித்துவைத்தது.

1996-இல் ஆந்திரேயா தி பாரி என்ற இத்தாலியர் விடுமுறைக்கு வந்தார். அவர் பாறை ஏறுபவர். கடற்கரையில் எல்லாரும் கடலைப் பார்த்திருக்க, அவர் முதுகுப்புறம் திரும்பி மலையைப் பார்த்தார். பயிருக்கு உதவாத அந்தப் பாறை, அவர் கண்ணுக்கு ஏறுவதற்கென்றே வார்த்ததுபோல் தெரிந்தது. அடுத்த ஆண்டு நண்பர்களோடு வந்து, பாறையில் துளையிட்டு எஃகு ஆணிகள் பொருத்தி, முதல் ஏறுபாதைகளை அமைத்தார். ஏறுபவர் இடுப்பில் கயிறு கட்டி, அதை ஒவ்வோர் ஆணியிலும் கொளுவியில் மாட்டியபடி போவார். கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மேலிருப்பவர் கை நழுவினால் கீழிருப்பவரின் பிடிதான் உயிர்.

தீவின் ஆட்சியினர் இதைச் சிரித்து ஒதுக்கவில்லை. அதை நாம் பாராட்ட வேண்டும். 2000-இல் பாறை ஏறுவோருக்குப் பன்னாட்டு விழா நடத்தினார்கள். ஆரிஸ் தியோதொரோபூலோஸ் என்ற கிரேக்கர் வழிகாட்டி நூல் எழுதினார். இன்று அங்கே 3000-க்கு மேற்பட்ட பாதைகள் உண்டு. கிராண்டே குரோட்டா என்னும் பெருங்குகையில் விழுது விழுதாய்த் தொங்கும் கல்லைப் பற்றி ஏறுவதற்காகவே கடல் கடந்து வருகிறார்கள். கோடை வெயிலில் பாறை சுடும். ஆகவே அவர்கள் வருவது பெரும்பாலும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். மற்றச் சுற்றுலாத் தீவுகள் கடையடைக்கும் மாதங்களில் மசூரி கிராமத்தில் அறைகள் நிரம்புகின்றன.

எல்லாருக்கும் விடிந்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. பாறைகள் பெரும்பாலும் மேற்குக் கரையில். கடற்பஞ்சு வணிகம் வளர்ந்த பொத்தியா துறைமுகம் தெற்கில். அறை வாடகை, சாப்பாட்டுக்கடை, மோட்டார் சைக்கிள் வாடகை என்று பணம் புரள்வது முதலில் மேற்கில்தான். உப்புக்காற்று எஃகையும் தின்கிறது. பழைய ஆணிகளைக் கழற்றிப் புதியன பொருத்துவதே ஓயாத வேலையாகியிருக்கிறது.

பொத்தியாவில் உள்ள அருங்காட்சியகத்தில் அந்தச் செப்புத் தலைக்கவசத்தை இன்றும் காணலாம். அதே ஊர்க் கடைகளில் மலை ஏற வந்தவர்கள் நினைவுப்பொருளாகக் கடற்பஞ்சு வாங்கிப் போகிறார்கள். அவற்றில் பல, வேற்றுக் கடல்களிலிருந்து கப்பலில் வந்தவை.