கமலையிலிருந்து கம்பரசர் வரை: திண்டுக்கல் கிணறுகளின் கதை

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் பக்கமோ ஒட்டன்சத்திரம் பக்கமோ போனால், பழைய தோட்டத்துக் கிணறுகள் சிலவற்றின் மேட்டில் இரண்டு கல்தூண்கள் இன்னும் நிற்பதைப் பார்க்கலாம். அவற்றின் மேல் இருந்த உருளையும் வடமும் போய்விட்டன, மாடுகள் இறங்கி ஏறிய சரிவில் சீமைக்கருவேலம் முளைத்துவிட்டது. மாடு பூட்டிக் கமலை இறைத்த காலத்தின் மிச்சம் அந்தத் தூண்கள்தான்.

இந்தச் சமவெளியில் ஆற்றை நம்பிப் பயிர் வைத்தவர்கள் குறைவு. குடகனாறு மேற்கு மலைகளில் பிறந்து, வேடசந்தூர் வழியாக வடக்கே ஓடி அமராவதியில் கலக்கிறது. மழைக்காலம் தவிர மற்ற நாளில் அது பெரும்பாலும் மணல்தான். ஆண்டு மழை சுமார் 800 மி.மீ., அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மேலே சில அடி மண், அதன் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் பாறையின் வெடிப்புகளில்தான் ஒளிந்திருக்கும். அதனால் விவசாயம் என்றால் இங்கே கிணறு. புகையிலை, வெங்காயம், காய்கறி எல்லாம் அகலமான சதுரக் கிணறுகளின் தயவில் விளைந்தவை. கிணறு வெட்டுவது போன்ற நில மேம்பாட்டு வேலைகளுக்குக் கடன் கொடுக்க வெள்ளைக்காரர் ஆட்சியில் 1883-இல் நில மேம்பாட்டுக் கடன் சட்டம் வந்தது.

வெட்டிய கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவர ஏற்றமும் இருந்தது. ஆனால் ஆழக் கிணற்றுக்கு ஏற்றம் பத்தாது, கமலைதான் வேண்டும். மதுரைச் சீமையில் கமலை, கொங்குப் பக்கம் கவலை. திண்டுக்கல் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இரண்டு பெயரும் இங்கே செல்லும்.

பார்வைக்கு எளிய கருவி அது: தோலாலோ இரும்பாலோ ஆன, நீர் மொள்ளும் ஒரு சால், ஒரு வடம், ஒரு ஜோடி மாடு. சால் ஏறக்குறைய 100 முதல் 200 லிட்டர் வரை கொள்ளும். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும், பின்வாங்கி மேட்டில் ஏறினால் சால் கிணற்றுக்குள் இறங்கும். மாடுகள் சரிவில் இறங்கும்போது அவற்றை ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார். அவர் உடம்பின் பாரமும் இழுவைக்கு உதவும்.

நிறைந்து மேலே வந்த சாலைக் கவிழ்ப்பது யார் என்பதுதான் இதில் கஷ்டமான இடம். வடஇந்தியாவில் பல இடங்களில் வெறும் தோல்பையால் இறைத்தார்கள். கிணற்று விளிம்பில் இன்னொரு ஆள் நின்று, வந்த பையைப் பிடித்து இழுத்துத் தொட்டியில் கொட்ட வேண்டும். நாள் முழுக்க நனைந்துகொண்டு, வழுக்கும் விளிம்பில் நிற்கிற வேலை. தமிழ்நாட்டுக் கமலையில் அந்த ஆளே கிடையாது. சாலின் அடியில் யானைத் துதிக்கை மாதிரி நீளமான தோல் வால் ஒன்று பொருத்தியிருக்கும். அதன் நுனியில் கட்டிய மெல்லிய கயிறுதான் வால் கயிறு. கனமான வடம் தூண்களின் மேல் உருளையில் ஓடும். வால் கயிறு கிணற்று விளிம்பை ஒட்டிய கீழ் உருளையில் ஓடும். இரண்டின் மறுமுனையும் ஒரே நுகத்தடியில்தான் சேரும்.

சால் கிணற்றுக்குள் இருக்கும்வரை வால் கயிறு தோல் வாலின் நுனியைச் சாலின் வாயளவுக்குத் தூக்கிப் பிடித்திருக்கும், ஒழுகாது. சால் விளிம்பைத் தாண்டி மேல் உருளையை நோக்கி ஏறுகிற நொடியில், கீழ் உருளையில் ஓடும் வால் கயிறு நுனியைத் தொட்டிப் பக்கம் இழுத்துவிடும். நுனி தாழ்ந்தவுடன் மொத்தத் தண்ணீரும் வால் வழியே வாய்க்காலுக்குப் பாயும். சரிவின் கடைசியில் இருக்கும் மாட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. கயிற்றின் நீளத்தை ஒரு சாண் தப்பாகக் கட்டினால் நீர் பாதி வழியிலேயே கிணற்றுக்குள் திரும்பிவிடும். அந்த அளவைக் கண்டுபிடித்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஒரு ஆள் கூலியை மிச்சம் பிடித்த பொறியியல் என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

தோல்தான் கமலையின் பலவீனம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் எப்போதும் நீரில் ஊறிக் கிடந்தால் சீக்கிரம் இற்றுப்போகும். 1888-இல் சென்னைக்குப் பொறியியல் பேராசிரியராக வந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் ஏற்றத்தையும் கமலையையும் அளந்து ஆராய்ந்தவர். தண்ணீருக்குத் தாங்கும் தோல் வேண்டும் என்று தேடித்தான் 1900-களின் தொடக்கத்தில் சென்னையில் குரோம் பதனிடும் சோதனைகளில் இறங்கினார். அடுத்து நடந்ததை விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். குரோம் பதனிடுதல் பிற்பாடு திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள் எனப்படும் தோல் ஆலைகளுக்கும் வந்தது. அவற்றின் கழிவு நகரைச் சுற்றியிருந்த கிணற்று நீரைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்ட தோல் ஆலைகளில் திண்டுக்கல் மாவட்டத்தவையும் இருந்தன. கமலைச் சாலுக்காகத் தேடிய குரோம், கிணற்றையே கெடுத்துவிட்டது.

மாட்டுக்குப் பதில் எஞ்சின் என்ற யோசனையையும் எண்ணெய் எஞ்சினோடு பம்பைச் சேர்த்து முன்வைத்தவர் சாட்டர்டன்தான். ஆனால் சிறு விவசாயிக்கு அது எட்டாக் கனி. 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர், 1944-இல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. கோவையில் மோட்டார், பம்புத் தொழில் வளர்ந்தது. 1957-இல் மின்வாரியம் அமைந்த பிறகு கம்பிகள் கிராமங்களுக்குள் வேகமாகப் பரவின. 1960-களிலும் 70-களிலும் கமலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

மோட்டார் வந்ததும் கிணற்றின் கணக்கு மாறியது. கமலை காலத்தில் மாடு களைத்தால் இறைப்பும் நிற்கும், இரவில் ஊற்று சேர்ந்துகொள்ளும். மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. அதற்கு வேறொரு குறை: சாதாரண பம்பு நீரை உறிஞ்சித் தூக்குவது நடைமுறையில் 6, 7 மீட்டர்தான். நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்கிப் பாறைத் திட்டில் வைத்தார்கள். பெருமழை வந்தால் அது மூழ்கும், செயின் போட்டு மேலே ஏற்ற வேண்டும்.

மட்டம் இன்னும் இறங்கியதும் கிணற்றையே ஆழப்படுத்த வேண்டியதாயிற்று. டிராக்டரின் பின்னால் பொருத்திய கம்பரசர் இங்கேதான் வருகிறது. வயலை உழ வந்த எஞ்சின் காற்றை அழுத்தித் தர, அந்தக் காற்றில் ஓடும் துளைப்பான் பாறையில் குழி போடும், குழியில் வெடி வைப்பார்கள். உடைந்த கல்லைக் கிரேன் தொட்டியில் தூக்கிக் கரையில் கொட்டும். அதற்கும் பிறகு கிணற்றின் பக்கச் சுவரில் படுக்கைவாட்டில் சைடு போர், அடியில் நேராக ஆழ்துளை, அதற்குள் நீர்மூழ்கி மோட்டார். ஒவ்வொரு இயந்திரமும் கரையில் நிற்பவரின் உழைப்பைக் குறைத்தது. கிணற்றின் அடியில் கடப்பாரை பிடித்து வெட்டியவருக்கு மட்டும் கடப்பாரைக்குப் பதில் துளைப்பான் கிடைத்தது. தலைக்கு மேலே தொங்கும் கல் தொட்டி அப்படியேதான் இருந்தது.

மோட்டாருக்கான மின்கட்டணமும் கடனும் கழுத்தை நெரித்தபோது விவசாய சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். 1978-இல் வேடசந்தூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்தார்கள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. கொடுத்த விலைக்கு அது நியாயமான வெற்றிதான். ஆனால் இன்று மாவட்டத்தின் பல ஒன்றியங்கள், ஊறுவதைவிட அதிகமாக நீர் எடுக்கும் பகுதிகளாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பட்டியலில் இருக்கின்றன.

கமலை ஓட்டியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் எழுபது வயதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் தோட்டத்து மூலையில் இரும்புச் சால் கிடந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் அவர்களில் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். வால் கயிறு எத்தனை முழம், கீழ் உருளை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள்.