பதிப்புக்கொரு கையேடு: திறந்த மூல மென்பொருளின் ஆவண மரபு

மென்பொருளின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கையேடு பேணும் வழக்கம், திறந்த மூல மென்பொருள் என்ற பெயர் தோன்றுவதற்கு முன்பே வேர்கொண்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற் கையேடு 1971 நவம்பர் 3ஆம் நாளிட்டு வெளிவந்தது. நிரல் ஓயாமல் திருத்தப்பட்டுக்கொண்டிருக்க, கையேடு அவ்வப்போது எண்ணிடப்பட்டு வந்தமையால், கையேட்டின் பதிப்பெண்ணே மென்பொருளுக்கும் பெயராயிற்று. 1979இல் வெளியான யூனிக்ஸ் இன்றும் ஏழாம் பதிப்பு என்றே அழைக்கப்படுகிறது.

மூல நிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் திறந்த மூல மென்பொருளில் பதிப்புக்கொரு கையேட்டின் தேவை பன்மடங்காகியது. ஏனெனில் புதிய பதிப்பு வெளிவந்த பின்னரும் பழையதை நம்பியிருப்போர் பல ஆண்டுகள் அதிலேயே தொடர்கின்றனர். கீடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட பைத்தான் நிரல்மொழி இதற்குத் தெளிவான சான்றாகும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3, முந்தைய வரிசையோடு முழுமையாக ஒத்துப்போகவில்லை: 7ஐ 2ஆல் வகுக்கச் சொன்னால் பழைய வரிசை பின்னத்தை நீக்கி 3 என்று விடை தந்தது, புதிய வரிசை 3.5 என்று தந்தது. பிழைச்செய்தி ஏதுமின்றி விடை மட்டும் மாறும் இத்தகைய இடங்களில், கையேடு எந்தப் பதிப்புக்குரியது என்பதை அறியாமல் படிப்பவர் தவறான முடிவுக்கே வருவார்.

ஆகவே இரு வரிசைகளின் ஆவணங்களும் அருகருகே பேணப்பட்டன. பைத்தானின் மாற்றங்களை எழுத்தில் முன்மொழியும் 'பெப்' ஆவணங்களுள் 2012இல் எழுதப்பட்ட 430ஆம் எண்ணுடையது, ஆவணத் தளத்தின் முகப்பைப் பைத்தான் 3க்கு மாற்றும் வழியை வகுத்தபோது, பதிப்பெண் இல்லாத பழைய இணைப்புகள் பைத்தான் 2 பக்கங்களுக்கே இட்டுச்செல்ல வேண்டும் என்பதிலும் கவனம் செலுத்தியது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் நாள் முடிவுற்ற பின்னரும் அதன் கையேடு நீக்கப்படவில்லை.

இப்பணிக்கு உரிய கருவிகளும் இக்காலத்திலேயே உருவாயின. ஜார்ஜ் பிராண்டல் 2008இல் வெளியிட்ட ஸ்ஃபிங்க்ஸ், எளிய உரைக் கோப்புகளிலிருந்து ஆவணத்தை உருவாக்குவதோடு, ஒரு வசதி எந்தப் பதிப்பில் சேர்ந்தது, எதில் மாறியது என்பதைக் குறிக்கவும் இடமளித்தது. 2010இல் தொடங்கிய ரீட் த டாக்ஸ் ஒரே திட்டத்தின் பல பதிப்பு ஆவணங்களை இணையத்தில் வழங்கும் சேவையாயிற்று. எனினும் கருவியால் தீராத உழைப்பு ஒன்று உண்டு: மூல நிரலின் வரலாற்றில் ஒவ்வொரு பதிப்புக்கும் பிரியும் தனித்தடமாகிய கிளைகளுள் ஒன்றில் ஆவணப் பிழை திருத்தப்பட்டால், அது வேறு எந்தக் கிளைகளுக்குப் பொருந்தும் என்பதை மனிதரே ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத் திட்டம் இவ்வுழைப்பை ஒழுங்கான நடைமுறையாக்கியுள்ளது. அங்கு ஆவணம் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் வளர்கிறது. ஒவ்வொரு முதன்மைப் பதிப்பும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆதரிக்கப்படுகிறது. அதன்பின் அப்பதிப்பின் கையேடு, ஆதரவு முடிந்தது என்ற அறிவிப்போடு தொடர்ந்து கிடைக்கிறது. நிரலைப் படிக்கும் உரிமை பழைய பதிப்புக்கும் உண்டு என்றால், அதற்குரிய சரியான விளக்கத்தைக் காத்துத் தருவதும் அவ்வுரிமையின் பகுதியே ஆகும்.