பினாங்கில் ஓடிய இரண்டு மாடி பஸ்

இரண்டு மாடி பஸ் என்றதும் நம் ஜொகூர் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சிங்கப்பூர்தான். பாலத்தைக் கடந்து வேலைக்குப் போன நம் அப்பா, சித்தப்பாமார்கள் வந்து சொன்ன கதைகளில் அந்த பஸ்ஸுக்கு ஓர் இடம் உண்டு. 1977 ஜூன் மாதம் அங்கே 86-ஆம் எண் பஸ், தெம்பனிஸ் வேயிலிருந்து ஷெண்டன் வே வரை மாடியோடு ஓடத் தொடங்கியது. லேலண்ட் அட்லாண்டியன் வண்டிகள். முதலில் வந்தவை 20. மேல்மாடி முன்வரிசையில் இடம் பிடிக்க பெரியவர்களே முண்டியடித்தார்களாம்!

ஆனால் அதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் இரண்டு மாடி பஸ் ஓடியிருக்கிறது. அதுவும் புகை விடாத மின்சார பஸ். கலந்துரையாடலில் இதைச் சொன்னபோது அரங்கில் பாதிப் பேர் நம்பவில்லை. இடம், பினாங்கு ஜோர்ஜ்டவுன்.

அந்த ஊரில் 1906-இலேயே மின்சார டிராம் வந்துவிட்டது. தண்டவாளத்தைப் பராமரிக்கும் செலவு ஏற ஏற, 1925-இல் தண்டவாளம் வேண்டாத டிராலி பஸ்ஸைக் கொண்டு வந்தார்கள். 1936-இல் டிராம் முழுவதும் நின்றது.

டிராலி பஸ் என்பது என்ன? ரப்பர் டயரில் ஓடும், தலைக்கு மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும். டிராமுக்கு ஒரு கம்பி போதும். மின்சாரம் தண்டவாளம் வழியே திரும்பிவிடும். டயருக்கு அந்த வசதி இல்லை. அதனால் இரண்டு கம்பி, கூரையில் இரண்டு நீண்ட கழிகள். வளைவில் வேகமாகத் திரும்பினால் கழி கம்பியை விட்டு நழுவும், பஸ் நடுரோட்டில் நின்றுவிடும். லண்டன் வண்டிகளில் இதற்கென்றே ஒரு நீண்ட மூங்கிலை அடியில் செருகி வைத்திருப்பார்கள். கண்டக்டர் இறங்கி, மூங்கிலால் கழியைப் பிடித்துக் கம்பியில் மாட்டுவார். டிக்கெட் கிழிப்பது மட்டும் அவர் வேலை அல்ல!

1950-களில், லண்டன் தெருக்களில் ஓடி ஓய்ந்த இரண்டு மாடி டிராலி பஸ்கள் சில, கப்பலேறி பினாங்கு வந்து சேர்ந்தன. பழைய வண்டிதானே என்று நாம் முகம் சுளிக்கலாம். லண்டனுக்குப் பழசு, நமக்குப் புதுசு.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது வேறு. அந்த பஸ் தனியார் கம்பெனியுடையது அல்ல. ஊர் மன்றத்தின் சொத்து. மின்சாரமும் அதே மன்றத்தின் கையில். தன் மின்சாரத்தில் தன் பஸ்ஸைத் தன் மக்களுக்காக ஓட்டிய நகரம் அது. 1957 ஜனவரி 1-ஆம் தேதி ஜோர்ஜ்டவுன் மாநகரானது. அதன் முதல் மேயர் யார் தெரியுமா? டி.எஸ். இராமநாதன், நம்மவர்! அந்த இரண்டு மாடி பஸ்கள் ஓடிய நாளில் மன்றத்தின் தலைமை நாற்காலியில் இருந்தவர் ஒரு தமிழர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

பிறகு டீசல் பஸ் மலிவாகக் கிடைத்தது. கம்பி போகும் தெருவில்தான் டிராலி பஸ் போகும். டீசல் பஸ்ஸுக்கு எந்தத் தெருவும் சரி. 1961 ஜூலை 31-ஆம் தேதியோடு பினாங்கில் டிராலி பஸ் நின்றது. இராமநாதன் அவர்களின் மேயர் பதவியும் அதே ஆண்டில்தான் முடிந்தது. சிங்கப்பூரிலும் அடுத்த ஆண்டே நிறுத்தினார்கள். இன்று உலகமே மின்சார பஸ்ஸைத் தேடுகிறது. கழற்றிப் போட்ட கம்பிகளை நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

லண்டன்காரர்கள் கெட்டிக்காரர்கள். 2005-இல் ரூட்மாஸ்டர் பஸ்ஸை வழக்கமான சேவையிலிருந்து விலக்கியபோதும், 9, 15 எண் தடங்களில் சில பழைய வண்டிகளைப் பல ஆண்டுகள் விட்டு வைத்தார்கள். சுற்றுப்பயணிகள் தேடி வந்து ஏறினார்கள்.

பினாங்கில் 2004-இல் சாலை வேலைக்காகத் தோண்டியபோது, ஜாலான் பினாங்கும் லெபோ சூலியாவும் சந்திக்கும் இடத்தில் பழைய டிராம் தண்டவாளம் வெளிப்பட்டது. அதை மூடாமல் பார்வைக்கு விட்டார்கள். அடுத்த முறை அங்கே நாசி கண்டார் சாப்பிடப் போகும்போது கொஞ்சம் குனிந்து பாருங்கள். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி யாராவது அந்த மாடி பஸ்ஸில் ஏறியிருந்தால், எந்தத் தெருவில் ஏறினார்கள், எவ்வளவு காசு கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.