துறைமுகத்துக்குக் கீழே ஒரு கடல்



கோடை வந்தால் எங்கட சனம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மொன்றியல் பழைய துறைமுகத்துக்குப் போகாமல் இருக்காது. அங்கே ஓடுவது நல்ல தண்ணி. உப்புத் தண்ணி வேணுமென்றால் கியூபெக் நகரையும் தாண்டிக் கிழக்கே போகவேணும். ஆனால் என்னோடு வேலை செய்யும் ஒரு கியூபெக்காரர், தன்ர வளவில் கிடங்கு வெட்டேக்க கடல் மட்டிகள் வந்ததாகச் சொன்னார். பகிடி என்றுதான் நினைத்தேன். பிறகு நூலகத்தில் தேடி வாசித்தபோது, மனுசன் சொன்னதில் பொய் இல்லை என்று விளங்கியது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டின் பெரும்பகுதி பனிக்கட்டிக்குக் கீழே கிடந்தது. கிலோமீற்றர் கணக்கில் தடித்த பனி. அந்தப் பாரத்தில் நிலமே கீழே பதிந்து போனது. பனி உருகி வடக்கே ஒதுங்க, பதிந்த பள்ளத்துக்குள் அத்திலாந்திக் கடல் ஏறி வந்தது. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் உண்டான அதற்குச் சம்பிளேன் கடல் என்று பெயர். இன்றைய துறைமுகம் ஆழத்தில். மவுன்ற் றோயல் மலையின் உச்சி மட்டும் ஒரு தீவு. பாரம் நீங்கிய நிலம் மெல்ல மெல்ல மேலே எழும்ப, இரண்டாயிரம் சொச்சம் ஆண்டுகளில் கடல் வடிந்து போனது.

இதையெல்லாம் ஆர் கண்டது என்று கேட்பீர்கள். மண்தான் சாட்சி. 1842இல் இங்கு வந்த சார்ள்ஸ் லயல் என்ற புவியியல் அறிஞர் மவுன்ற் றோயல் சரிவிலேயே கடல் மட்டிகளைப் பார்த்தார். மக்கில் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த வில்லியம் டோசன் இவற்றைப் பல ஆண்டுகள் சேகரித்து ஆராய்ந்தார். 1849இல் வேர்மொன்ற் மாநிலத்தில் ரயில் பாதைக்கு மண் வெட்டியவர்கள் வெள்ளைத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். மட்டியின் இனத்தைப் பார்த்தால் தண்ணி குளிரா, உப்பா என்று தெரியும். அதிலுள்ள கதிரியக்கக் கரி 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும்.

கரையோரங்களில் மனிதர் இருந்தார்களா? 2003இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குளோட் சாப்டலேன், மெகாந்திக் ஏரிப் பக்கம் நடத்திய அகழ்வில் நடுவில் தவாளிப்பு எடுத்த கல் ஈட்டிமுனைகள் கிடைத்தன. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. அங்குள்ள புளிப்பு மண் எலும்புகளை அரித்துவிடும். அதனால் ஏரிச் சேற்றில் படிந்த மகரந்தத்தை எண்ணுகிறார்கள். எந்த மகரந்தம் கூடவோ அந்த மரம், அந்தப் புல் அப்போது கூட. அடியில் புல்லும் பற்றையும்; அதற்கு மேலே ஊசியிலை மரங்கள்; இன்னும் மேலே மேப்பிள் போன்றவை. ஆகவே முதல் வந்தவர்கள் கண்டது குளிர்ந்த வெட்டவெளி. அவர்கள் கரிபு மான் கூட்டங்களை வேட்டையாடியவர்கள் என்று கருதுகிறார்கள்.

இதுக்கும் எங்கட ஊருக்கும் என்ன சம்பந்தம்? பெரிய சம்பந்தம் இருக்குது. இங்கேயும் மற்ற இடங்களிலும் அவ்வளவு தண்ணி பனியாக உறைந்து நின்றதால் உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் இறங்கியது. பாக்கு நீரிணை காய்ந்த தரை. மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு நடந்தே போகலாம்! 1990இல் எங்கட தாய் தகப்பன்மார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறிக் கடந்த அதே இடம்.

எங்கட மண்ணிலும் வேட்டையாடிகள் வாழ்ந்தார்கள். செம்மண்ணும் அடியில் கிறவலும் உள்ள பழைய படிவுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'இரணைமடுப் படிவு'. எங்கட கிளிநொச்சி இரணைமடுதான்! அதே வகைப் படிவில், தெற்கே பூந்தல பக்கம் கிடைத்த கற்கருவிகள் சுமார் 1,25,000 ஆண்டுப் பழமையானவை என்று சிரான் தெரணியகல கணித்தார். களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கலக் குகையில் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே வில்லும் அம்பும் இருந்தன என்று 2020இல் ஓர் ஆய்வு சொன்னது. குரங்கும் மர அணிலும் அவர்களின் சாப்பாடு. பழைய மனிதப் பற்களைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வும், அவர்கள் மழைக்காட்டையே நம்பி வாழ்ந்ததைக் காட்டியது.

நான் படித்த சரித்திரம் விஜயன் கப்பலால் இறங்கியதோடு தொடங்கியது. ஆர் முதல் வந்தது என்ற சண்டையிலேயே எங்கட காலம் போய்விட்டது. வீடும் உயிரும் அதிலே போனது. ஆனால் இரணைமடுக் கல்லைச் செதுக்கியவன் என்ன மொழி பேசினான் என்று எந்தக் கல்லும் சொல்லாது. அவனுக்கு நாங்கள் எல்லாரும் பிந்தி வந்தவர்கள்தான். இங்கேயும் அப்படித்தான், பிரெஞ்சுக்காரர் 1642இல் இந்தத் துறைமுகத்தடியில் குடியேற முன்பே இது ஆதிக்குடிகளின் நிலம்.

அடுத்தமுறை துறைமுகத்துக்குப் போகேக்க பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கோ. ஊருக்குப் போனால் இரணைமடுக் கிறவலையும் ஒருக்கால் குனிந்து பார்க்கச் சொல்லுங்கோ.