தீநிரல்
'நிரல்' என்னும் பழஞ்சொல் வரிசையைக் குறிப்பது. நிரல்நிறை என இலக்கணத்தில் வழங்கிய அதுவே, கணினிக்கு வரிசையாக இடப்படும் கட்டளைத் தொகுதிக்கும் பெயராகி, தீங்கு செய்வது 'தீநிரல்' ஆயிற்று. இதன் முன்னடை நெருப்பன்று, தீவினை என்பதில் வரும் தீயே. கோப்பில் ஒட்டிப் பரவும் வைரஸ், தானே வலைவழி ஊரும் புழு, நல்லதுபோல் நடித்து நுழையும் டிரோஜன், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஆகிய யாவும் இதனுள் அடங்குவதால், எல்லாவற்றையும் வைரஸ் என்பது பேச்சுவழக்கின் தளர்ச்சியே.

தீநிரல் திறந்துவைக்கும் கள்ள வழிக்குப் 'பின்கதவு' என்று பெயர். வாயிலைக் கொண்டே காவலை எண்ணுவது வடசென்னைக்குப் புதிதன்று. அங்குள்ள யானைக்கவுனி என்னும் இடப்பெயரின் 'கவுனி' கோட்டை வாயிலே (தெலுங்கிலும் 'கவனி' அப்பொருளது), 18ஆம் நூற்றாண்டில் அப்பகுதியிலிருந்த கறுப்பர் நகரைச் சூழ்ந்த மதில் மறைந்தும் பெயர் மறையவில்லை. ஆயினும் 2017 ஜூனில் நவி மும்பைத் துறைமுக முனையமொன்றை முடக்கிய நாட்பெட்யா என்னும் தீநிரல், உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருளொன்றின் புதுப்பிப்பில் ஒளிந்து தலைவாயில் வழியாகவே கிளம்பியது. அது பரவப் பயன்பட்ட விண்டோஸ் ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்திருந்தது. அதே தாக்குதலில் முடங்கிய கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் மீண்டெழ உதவியதோ, மின்தடையால் அவ்வேளை வலையிலிருந்து அறுந்துகிடந்த கானா அலுவலகக் கணினியில் தப்பிய, நிறுவன வலையின் பயனர்-அணுகல் விவரங்களின் ஒரே படி.