தேநீரும் குடியுரிமையும்: பிரித்தானியத் தேசிய உணர்வு பற்றி மாவனல்லையிலிருந்து ஒரு நோக்கு

கொழும்பு – கண்டி வீதியில் மகா ஓயாவைக் கடக்கும் மாவனல்லை வளைவுப் பாலம் 1830களின் முற்பகுதியிற் கட்டப்பட்டது. அவ்வீதி, ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் இராசகாரிய முறையின்கீழ்ப் பெறப்பட்ட கட்டாய உழைப்பைக் கொண்டு அமைக்கப்பட்டதாகும். 1815இற் கைப்பற்றிய கண்டியைப் படைகொண்டு காத்தற்கென எழுந்த அது, சில ஆண்டுகளிலேயே கோப்பி மூடைகளின் வழியாயிற்று. பிரித்தானியர் எவ்வாறு பிரித்தானியராயினர் என்னும் வினாவை இப்பாலத்தருகே நின்று எழுப்புவது விந்தையாகத் தோன்றலாம். ஆயின், அவர்தம் தேசிய உணர்வு இலண்டனிலும் எடின்பரோவிலும் மட்டும் முகிழ்த்ததன்று என்பதே எமது கருத்து.

1707இல் இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் ஒரே பாராளுமன்றத்தின் கீழ் இணைந்தன. புரட்டஸ்தாந்து சமயமும், பிரான்சுடனான இடையறாப் போர்களும், பேரரசின் ஆதாயங்களும் இவ்விரு நாட்டாரையும் படிப்படியே 'பிரித்தானியர்' ஆக்கின என்று லிண்டா கொலி 1992இல் வெளியிட்ட நூலில் விளக்குகிறார். நாம் இதனை மறுக்கவில்லை. எனினும் பேரரசு ஆதாயம் மட்டுமன்று. அது ஒரு தொழிற்களமுமாகும். இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த துரைமாருட் பலர் ஸ்கொத்லாந்தினர். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் அவர்களுள் ஒருவர். டன்சினன், ஹொலிரூட் எனத் தம் தாயகப் பெயர்களை அவர்கள் மலைகளுக்குச் சூட்டினர். லயத்திலிருந்த தொழிலாளிக்கோ ஸ்கொத்தியன், ஆங்கிலேயன் என்ற வேறுபாடு ஒரு பொருட்டன்று. பெரியதுரை, சின்னத்துரை என்பதே அவனறிந்த பாகுபாடு. தாயகத்தில் முற்றுப்பெறாதிருந்த ஓர் ஒருமைப்பாடு, கீழே நின்று நோக்கியவனின் கண்ணில் முன்னரே நிறைவெய்திவிட்டது. படையணிச் சொல்லொன்று 'பெரட்டு' எனத் திரிந்து, காலையில் ஆட்கணக்கெடுக்கும் களத்திற்குப் பெயராகித் தோட்டத் தமிழில் நிலைத்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மாவனல்லைக்கு அண்மித்த உத்துவன்கந்தையில் மறைந்திருந்து வழிப்பறி செய்த சரதியல் 1864இற் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். 'இலங்கையின் ரொபின் ஹூட்' என்று அவனை இன்றும் குறிப்பிடுவர். தன் நாட்டில் கள்வனைப் பாட்டுடைத் தலைவனாக்கிப் போற்றிய பண்பாடே இங்கு நீதிபதியாக அமர்ந்தது. அவனை ஏற்றிப்போற்றுவது எமது நோக்கமன்று. ஆயின் அவனை அளக்கவும் நாம் அவர்களின் கோலையே நாடுகிறோம் என்பது சிந்தனைக்குரியது.

தேநீருக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரித்தானியர் அருந்தியது சீனத் தேயிலையையே. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் இலங்கை தேயிலைக்கு மாறிற்று. கேகாலையின் தாழ்நிலங்களிற் பின்னர் றப்பரே மிகுதியாயினும், அரநாயக்கைப் பக்கத்து மேட்டுநிலங்களில் தேயிலையும் பரவிற்று. கிளாஸ்கோவில் மளிகை வாணிபம் நடத்திய தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கை வந்து தோட்டங்களை வாங்கினார். அந்நூற்றாண்டு முடியுமுன்னர் பிரித்தானியரின் தேநீரிற் பெரும்பங்கு இந்தியாவினதும் இலங்கையினதுமாயிற்று. இங்ஙனம் ஓர் அயற்பயிர், தமிழ்நாட்டு வறட்சியிலும் சாதிக் கொடுமையிலுமிருந்து பெயர்ந்த மக்களின் உழைப்பால் மலிந்து, பிரித்தானியத் தொழிலாளி வீட்டின் அன்றாடப் பானமாகி, ஈற்றில் 'தேசிய' வழக்கமாகவும் கொள்ளப்பட்டது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் விளம்பரங்களில் இடம்பெற்றது. அவளது கூலியும் லயமும் இடம்பெறவில்லை.

1940 இக்கருத்தைத் துலக்கும் ஆண்டாகும். அவ்வாண்டு யூலையில் பிரித்தானியாவில் ஆளொருவருக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் எனத் தேயிலை பங்கிடப்பட்டது. குண்டுவீச்சின் நடுவிலும் தேநீர்க் கோப்பையைக் கைவிடாத உறுதி, அந்நாட்டார் தம்மைப் பற்றிக் கூறிக்கொள்ளும் கதைகளில் நிலையானதோர் இடத்தைப் பெற்றது. அதே ஆண்டு சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அக்கதையில் அவருக்கு இடமில்லை.

எனினும் சட்டத்தின் முன் கோவிந்தனும் பிரித்தானிய முடியின் குடிமகனே. இத்தகுதி 1948இற் சிதறத் தொடங்கிற்று. அவ்வாண்டில் பிரித்தானியா தன் தேசிய இனச் சட்டத்தைப் புதிதாக இயற்றியது. இலங்கையோ 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை இயற்றித் தோட்டத் தமிழரிற் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கிற்று. 1962இற் பிரித்தானியா பொதுநலவாயக் குடிகளின் வருகையைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தியது. பேரரசாக விரிந்திருந்த 'நாம்' மீண்டும் ஒரு தீவினுள் ஒடுங்கிற்று.

1964இற் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பகிர்ந்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்ப்பதற்கு விட்டது. பிரித்தானியா அவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பன்று. ஆயின் அவ்வேளையில் தோட்டங்கள் பல இலண்டனிற் பதிவான கம்பனிகளுக்கே உரியனவாயிருந்தன. அவற்றை அரசு பொறுப்பேற்றது 1975இலாகும்.