நீருக்கும் தீக்கும் ஒரு பங்கு

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நண்பர்கள் மூவர் கூரத்துக்குப் போயிருந்தோம். பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் சிவன் கோயிலைப் பார்ப்பதே நோக்கம். மாலையில் உத்திரமேரூர் செல்வதாகத் திட்டம். மதிய உணவு, நண்பர் ஒருவருடைய பெரியம்மா வீட்டில். கத்தரிக்காய் போட்ட மொச்சைக் குழம்பு. பச்சை மொச்சை கிடைக்கும் பருவம் மார்கழியும் தையும்தான். ஆடியில் கிடைப்பது காய்ந்த கொட்டை மட்டுமே.

“நேத்து ராத்திரியே ஊறப் போட்டுட்டேன் தம்பி. நீங்க வர்றது முன்னாடியே தெரிஞ்சதால ஆச்சு” என்றார் பெரியம்மா.

எங்களில் ஒருவர் இருபது ஆண்டுகளாக அமெரிக்காவில் வசிப்பவர். “எங்க ஊர்ல இந்தக் கவலையே இல்லைம்மா. டின்னைத் திறந்து கொட்டினா அஞ்சு நிமிஷத்துல குழம்பு” என்றார். பெரியம்மா சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: “அப்போ அது எந்த அடுப்புல வெந்துது?”

நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. செலவைப் பார்த்து நடத்தும் குடும்பத்துக்குக் காய்ந்த பயறா, டின்னில் அடைத்த பயறா என்பது கடைக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு முனை கூரத்திலேயே கிடைக்கிறது என்பதுதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் எளிய கணக்கைப் பார்த்துவிடுவோம். மேலை நாட்டுக் கடைகளில் விற்கும் 400 கிராம் கொண்டைக்கடலை டின்னைத் திறந்து நீரை வடித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 240 கிராம் வெந்த கடலை. காய்ந்த கடலை ஊறி வெந்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். ஆகவே 100 கிராம் காய்ந்த கடலை ஏறக்குறைய ஒரு டின்னுக்குச் சமம். ஒரு கிலோ வாங்கினால் பத்து டின். டின் வாங்குகிறவர் நீருக்கும் தகரத்துக்கும் அவற்றைச் சுமந்துவந்த லாரிக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். இந்தக் கணக்கில் காய்ந்த பயறு எந்த ஊரிலும் தோற்பதில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் இரண்டு செலவுகள் விடுபட்டிருக்கின்றன: நீரும் தீயும். பருப்பு ஊறவும் வேகவும் நீர் வேண்டும். முழுப்பயறு திறந்த பாத்திரத்தில் வேக ஒரு மணி நேரமும் ஆகலாம். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பயறு இன்னும் முரடாகிவிடும். கடினநீரில் அது வேகவே மறுக்கும். சமையற்கட்டில் ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போடும் வழக்கம் இதனால்தான். பழைய சரக்கை மலிவாக வாங்குகிற ஏழை வீடு விறகில் கூடுதலாகச் செலவழிக்கிறது. அந்த விறகு பெரும்பாலும் கடையில் வாங்கப்படுவதுமில்லை. ஒரு பெண்ணின் தலையில் வருகிறது. அதனால்தான் அது செலவாகத் தெரிவதில்லை.

இங்கேதான் கூரத்துச் செப்பேடு நினைவுக்கு வந்தது. வடமொழியிலும் தமிழிலும் அமைந்த இந்தப் பல்லவச் சாசனத்தை ஹூல்ஷ் 1890இல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். கூரத்தில் எழுப்பிய வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்னும் கோயிலுக்காகப் பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காகப் பிரிக்கிறது அது. வழிபாட்டுக்கும் கோயில் பழுது பார்ப்பதற்கும் 3 பங்கு. மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு. அதே மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் அளிப்பதற்கு ஒரு பங்கு. எஞ்சிய 20 பங்கு நான்கு வேதம் வல்ல 20 பேருக்கு.

பாரதம் வாசிப்பதற்கான பங்கைப் பற்றி இலக்கிய அன்பர்கள் நிறையவே பேசியிருக்கிறோம். ஏழாம் நூற்றாண்டிலேயே ஊர் மண்டபத்தில் இதிகாசம் வாசிக்கப்பட்டதற்கு அது சான்று. அதற்கு இணையாக நிற்கும் மற்றொரு பங்கை நான் பலமுறை கடந்துபோயிருக்கிறேன். அந்தத் தீ சமையலுக்கானது என்று செப்பேடு சொல்லவில்லை. எதற்கானதாயினும், நீரும் தீயும் தாமாக வந்து சேர்வதில்லை, அவற்றைக் கொண்டுவருபவர் உண்டு, அவருக்குக் கூலி உண்டு என்பது அங்கே கணக்கில் ஏறியிருக்கிறது. கதை சொல்பவருக்கு எவ்வளவோ, அவ்வளவே தண்ணீர் கொண்டுவருபவருக்கும். நம் வீட்டுக் கணக்குப் புத்தகங்களில் இந்தப் பங்கை நான் கண்டதில்லை.

டின்னின் கதையும் இந்த நீரையும் தீயையும் வீட்டிலிருந்து வெளியேற்றிய கதைதான். பிரான்சில் நிகோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர், கண்ணாடிக் குடுவையில் உணவை அடைத்து மூடிக் கொதிநீரில் வைத்துக் கெடாமல் காக்கும் முறையைக் கண்டார். அதற்காக 1810இல் பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் பரிசு அளித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டூராண்ட் தகரக் கலத்துக்கும் காப்புரிமை பெற்றார். நுண்ணுயிர்களைப் பற்றி பாஸ்தர் விளக்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இது நடந்தது. முதலில் கப்பற்படைக்கும் கடற்பயணிக்கும் போன டின், பிறகுதான் மளிகைக் கடைக்கு வந்தது. 1886இல் ஹெயின்ஸ் நிறுவனத்தின் அவரை டின்கள் லண்டனில் சீமான்கள் வாங்கும் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையில் விற்பனைக்கு வந்தன. அடுத்த நூற்றாண்டில் அதுவே அந்நாட்டுத் தொழிலாளியின் அன்றாட உணவாயிற்று.

தொழிற்சாலையில் அவரையை ஊறவைத்து, அரைவேக்காடாக்கி, டின்னில் நிரப்பி மூடியபின் அழுத்தக் கலனில் சுமார் 120 பாகை வெப்பத்தில் வைக்கிறார்கள். அவரை டின்னுக்குள்ளேயே வேகிறது. பெரியம்மாவின் கேள்விக்கு விடை இதுதான். அந்த அழுத்தக் கலனின் மூதாதை, 1679இல் டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் செய்து காட்டிய நீராவிப் பாத்திரம். எலும்பையும் குழைய வைத்தது அது. நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் மூதாதையும் அதுவேதான். குக்கருக்குள்ளும் வெப்பம் 120 பாகையை ஒட்டியே இருக்கிறது. ஒரே பாத்திரத்தின் வாரிசுகளில் ஒன்று மேற்கே தொழிற்சாலைக்குள் போயிற்று. மற்றொன்று நம் அடுப்பில் ஏறியது.

குக்கர் இந்திய நடுத்தர வீடுகளில் பரவியது 1950களின் இறுதிக்குப் பிறகுதான். ஹாக்கின்ஸ் நிறுவனம் மும்பையில் தொடங்கியது 1959இல். அதற்கு முன்னும் தமிழ்ச் சமையல் இந்தச் சிக்கலைச் சும்மா விட்டுவைக்கவில்லை. தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்களின் சாம்பலிலிருந்தே கொள்ளும் பாசிப்பயறும் கரிந்த வடிவில் கிடைத்துள்ளன. நாலாயிரம் ஆண்டுப் பழக்கம் இது. முழுப்பயறு வேக நேரமாகும் என்றால் அதை உடைத்துவிடு என்பதே நம்மவர் கண்ட விடை. துவரையை நனைத்துச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்து, திருகையில் இட்டு உடைத்தால் தோல் கழன்று பருப்பாகும். உடைத்த பருப்பு ஊறாமலே வேகும். பாசிப்பருப்பு இன்னும் விரைவாக. பருப்பு என்ற சொல்லையே நாம் வேகமாக வேகும் பண்டத்துக்குத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் இந்த விடையிலும் ஒரு மறைவு உண்டு. அடுப்பில் மிச்சமான நேரத்தைக் கோடை வெயிலில் திருகை சுற்றிய கைகள் முன்கூட்டியே கொடுத்துவிட்டன. அந்தக் கைகள் யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை.

டின் நம் ஊருக்கு வராமலில்லை. வந்த விதம்தான் வேறு. ஜாம்ஷெட்பூரில் 1920இல் தொடங்கிய தகரத் தொழிற்சாலை முதன்மையாக மண்ணெண்ணெய் டின்களுக்காகவே எழுந்தது. 1937 முதல் டால்டா டின்னும் சேர்ந்துகொண்டது. எண்ணெய் தீர்ந்த டின்னைக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, அதில் துவரையும் மொச்சையும் கொட்டி வைத்தார்கள் நம் பாட்டிமார். பெரியம்மா வீட்டுப் பரணிலும் மூடியில் துருவேறிய டால்டா டின் ஒன்று இருந்தது. மொச்சை அதிலிருந்துதான் வந்தது. வெந்த அவரையோடு உலகைச் சுற்றிய டின், கூரத்தில் காய்ந்த அவரைக்குக் குதிராக மாறிவிட்டது.

இனி, “நீங்க வர்றது முன்னாடியே தெரிஞ்சதால ஆச்சு” என்று பெரியம்மா சொன்னதற்கு வருகிறேன். காய்ந்த பயறு நாளையைத் தெரிந்தவருக்கு உரியது. இன்று இரவே நாளைய பசி தெரிந்திருக்க வேண்டும். நாளை காலை அடுப்பருகே நிற்க ஓர் ஆள் இருக்க வேண்டும். மாறிமாறி வேலைக்குப் போகிறவர், ஒற்றை அறையில் அடுப்பின்றி இருப்பவர், மின்சாரத்துக்கு முன்பணம் கட்டுகிறவர் ஆகியோருக்கு இந்த வசதி இல்லை. 2022இல் எரிபொருள் விலை ஏறியபோது, பிரிட்டனில் இலவச உணவு வழங்கும் மையங்களுக்கு வந்தவர்கள் சிலர் உருளைக்கிழங்கை வேண்டாம் என்றனர். வேகவைக்கக் கட்டுப்படியாகாது என்பதே காரணம் என்று செய்தி வந்தது. அதே ஆண்டில் இலங்கையில் எரிவாயு உருளைக்காக மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். மாடிக் குடியிருப்புகளில் இருந்தவர்களும் விறகு தேடினார்கள். அத்தகைய நாளில் மலிவான பயறு மலிவானதல்ல.

நாளைக்கென்று எதையும் வைக்காதவர் ஒருவரும் இதே கூரத்தில் பிறந்தவர்தான். இராமானுசரின் முதன்மைச் சீடரான கூரத்தாழ்வானின் வீட்டில் அன்னமிடுதல் இரவு வரை நடக்குமாம். கதவடைக்கும் ஓசை காஞ்சிப் பேரருளாளன் கோயில் வரை கேட்குமாம். பெருஞ்செல்வத்தைத் துறந்து திருவரங்கம் புறப்பட்டபோது, மனைவி ஆண்டாள் மடியில் வைத்திருந்த பொன்வட்டிலையும் வழியில் எறியச் செய்தார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. அரங்கத்தில் அன்றன்றைய உணவை அன்றன்று இரந்து பெற்றார். ஒருநாள் மழையால் போக முடியவில்லை. வீட்டில் ஒன்றும் இல்லை. ஆண்டாள் மனம் பொறாமல் அரங்கனை நினைக்க, கோயில் பிரசாதம் வாசலுக்கு வந்தது என்கிறார்கள். பக்தர்களுக்கு அது அருளின் கதை. எனக்கு அந்த மழைநாளில் பரணை நிமிர்ந்து பார்த்த பெண்ணின் முகமும் சேர்ந்தே தெரிகிறது. துறவு அவருடையது, வெறும் அடுப்பு அவளுடையது.

அரசு இந்தக் கணக்கில் எப்போது நுழைந்தது என்று பார்த்தால் 2007ஐச் சொல்லலாம். தமிழக நியாயவிலைக் கடைகளில் பருப்பும் பாமாயிலும் வழங்கும் சிறப்புத் திட்டம் அவ்வாண்டில் தொடங்கியது. துவரம்பருப்பின் விலை பின்னர் கிலோ 30 ரூபாய் என்று நிலைபெற்றது. 2015 அக்டோபரில் வெளிச்சந்தையில் பல நகரங்களில் துவரம்பருப்பு 200 ரூபாயை எட்டியபோது அதன் அருமை தெரிந்தது. 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும் ஏறத்தாழ அதே காலத்தது. ஒன்று பயறுக்கு, மற்றொன்று தீக்கு. இரண்டும் சேர்ந்துதான் காய்ந்த பயறு மெய்யாகவே மலிவாகிறது.

ஆகவே, எதை வாங்குவது என்று கேட்பவருக்கு என் விடை இது: அடுப்பும் நேரமும் உள்ள வீட்டில் காய்ந்ததையே வாங்குங்கள், ஒரு கிலோவைச் சேர்த்து ஊறவைத்து ஒரே முறை வேகவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் டின்னின் வசதியும் கிடைக்கும். அவை இல்லாதவர் டின்னைத் திறந்தால் அவரை ஊதாரி என்று சொல்லாதீர்கள். அவர் வாங்குவது நீரும் தீயும்.

அன்று மாலை உத்திரமேரூர் மண்டபத்தில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். 919, 921ஆம் ஆண்டுகளில் வகுத்த அந்த விதிகளின்படி, வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருடைய பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவருடைய உறவினர் பெயரையும் இடக் கூடாது. அமெரிக்க நண்பர் அதைப் படித்துவிட்டு மெல்லச் சொன்னார்: “மொச்சைக் குழம்புக்கு யாரும் இதுவரை கணக்குக் காட்டலை.”

திரும்பும் வழியில் அவர் பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, மொச்சையை எத்தனை மணிக்கு ஊறப் போட்டார், எத்தனை மணிக்கு அடுப்பில் ஏற்றினார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.